ஆவுடையப்பன் தண்ணீரில் இறங்கிய நாள்

"பயம் போகணும்மா," என்றார் ஆவுடையப்பன்.

சங்கரவடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தப் பயம்?"

"எல்லாந்தான்."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்க முடியாது அண்ணாச்சி. ஒண்ணைச் சொல்லுங்க."

சங்கரவடிவிடம் வழி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். அவள் அவர்களை அண்ணாச்சி என்றும் மதினி என்றும் கூப்பிடுவாள். அவர்கள் அவளை அம்மா என்பார்கள். அவள் உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு தடவை போனவர்கள் மறுபடியும் போனார்கள்.

ஆவுடையப்பன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டிய காலம் முழுக்க ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் பயம் வந்தது. கையில் ஸ்டியரிங் இல்லாமல் உலகம் தன்பாட்டுக்கு ஓடுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பயம் மொத்தமும் மகள் பக்கம் திரும்பியது.

"மக செண்பகம் கடக்கரையில இருக்காம்மா. ஆறு கடல்ல கலக்குற எடத்துல, கம்பு நட்டு, கயிறு கட்டித் தொங்கவிட்டு, சிப்பி வளக்கா."

"முத்தா?"

"முத்துன்னாலும் மனசு ஆறும். தின்னுற சிப்பி."

சங்கரவடிவு சிரித்தாள்.

"கழுத்தளவு தண்ணியில நிக்கா. எனக்கு நீச்சல் தெரியாது, அவளுக்குத் தெரியுமாம். போன் போட்டா எடுக்க மாட்டா. மணி அடிச்சு ஓயுறதுக்குள்ள, நான் இங்க அவளுக்குக் காரியம் வரைக்கும் முடிச்சிருவேன்."

"அந்த எடத்தைப் போயிப் பாத்திருக்கியளா?"

"இல்ல."

"ஏன்?"

"பயந்தான்."

சங்கரவடிவு கீரையை ஒரு சட்டியில் அள்ளி வைத்து மூடினாள். குடையை எடுத்தாள்.

"வாங்க."

"எங்கம்மா?"

"பாக்கத்தான்."

*

வழியில் ஆவுடையப்பன் தன் வீட்டுக்குப் போய் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் அது இரண்டு பேர் இடத்தை அடைத்தது.

"என்ன அது?"

"மிதக்குற சட்டை. மகளுக்கு வாங்கினேன். வேண்டாம்னு சொல்லிட்டா. நேர்ல குடுத்தா வாங்கிக்கிடுவாள்ல?"

சங்கரவடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தரையை அழுத்தியது. எதிரே லாரி வந்தபோது, "ஒதுங்கு, ஒதுங்கு," என்றார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க வந்து ஓட்டுதியளா?"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. ஒரு நொடி, எழுந்து போய் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடலாமா என்றுதான் அவருக்குத் தோன்றியது.

*

ரோடு முடிந்த இடத்தில் பஸ் நின்றது. அதற்கு மேல் மணல்.

வெள்ளை மணல். கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே வாங்கியது. பனைகளும் உடைமரங்களும் தள்ளித் தள்ளி நின்றன. காற்றில் உப்பு வாடை.

"இதுல பாம்பு கெடக்குமோ?"

"கெடக்கும்."

"இந்த மணலு பொதையாதே?"

"பொதைஞ்சா பாத்துக்கிடலாம்."

"மேக்க பாருங்கம்மா. வானம் கறுத்துக் கெடக்கு. நாம திரும்பி வாரதுக்குள்ள..."

"நாம இன்னும் போய்ச் சேரவே இல்ல அண்ணாச்சி."

அவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம்தான். பிறகு செல்போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மணி அடித்து ஓய்ந்தது. அவர் நடை வேகமானது. மணலில் வேகமாக நடக்க வராது. தடுமாறி விழுந்தார், எழுந்தார், மறுபடி நடந்தார். பையை மட்டும் விடவில்லை.

ஒரு மேட்டில் ஏறியதும் கழிமுகம் தெரிந்தது.

ஆறு அங்கே அகன்று, அசைவில்லாமல் கிடந்தது. கடைசியில் ஒரு வாய் திறந்திருந்தது. அதற்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஆற்றுக்குள் வரிசை வரிசையாகச் சவுக்குக் கம்புகள். கம்புக்குக் கம்பு குறுக்கே கட்டை. கட்டையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கயிறுகள். அவற்றுக்கு நடுவே பெண்களின் தலைகள்.

தூரத்து வரிசையில் ஒரு நீலச் சட்டை. செண்பகம்தான்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தலை தண்ணீருக்குள் போனது.

வரவில்லை.

வந்தது.

மறுபடியும் போனது.

"ஏளா! செண்பகம்! ஏளா!"

வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. கழிமுகம் முழுக்கக் கேட்டது. அப்போதுதான் மேலே வந்த செண்பகம் திடுக்கிட்டுத் திரும்பினாள். கை நழுவியது. அவள் கையை உதறிவிட்டு அதைப் பார்த்ததும், பக்கத்துப் பெண் முந்தானையைக் கிழித்து அதில் சுற்றியதும் கரையிலிருந்தே தெரிந்தது.

"யாருய்யா அது?" ஓலைக் கொட்டகையின் நிழலில் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். "சிப்பிக்கு நடுவுல நிக்கிறவள இப்படியா கத்திக் கூப்பிடுவாவ? பிளேடுல்லா அது!"

"நான் அவ அப்பா."

"அப்பாவா இருந்தா மெல்லக் கூப்பிடணும்."

அவள் பெயர் அமலோற்பவம். செண்பகத்தோடு சேர்ந்து இந்தச் சிப்பி வளர்ப்பைத் தொடங்கியவள். கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னைக்குன்னு பாத்து வந்திருக்கிய. மேக்க மழை. அணையத் தொறந்துட்டாவளாம். ஆத்துத் தண்ணி வந்து சேந்துதுன்னா இங்க உப்பு அத்துப்போகும். உப்பு இல்லன்னா சிப்பி வாயப் பொளந்து செத்துரும். அதான், அதுக்கு முன்னால எல்லாத்தையும் கடல்வாய்ப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுதோம். ஆளு காணாது."

ஆவுடையப்பன் காதில் பாதிதான் விழுந்தது. அவர் கண் நீலச் சட்டையை விட்டு நகரவில்லை. செண்பகம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வேலையில் இறங்கிவிட்டிருந்தாள். கரைப் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, அவளை வெளிய வரச் சொல்லுங்கம்மா. கையில ரத்தம். நீங்க சொன்னா கேப்பா."

சங்கரவடிவு கரையையும் செண்பகத்தையும் ஒருதரம் பார்த்தாள்.

"உங்க வாய் இங்க இருக்கு. அவ காது அங்க இருக்கு. நடுவுல தண்ணி."

"அதுக்கு?"

அவள் குனிந்து பையைத் திறந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டையை வெளியே எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"போடுங்க."

"இது அவளுக்குல்லாம்மா?"

"அவதான் வேண்டாம்னுட்டாளே."

பிறகு அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று ஆவுடையப்பனுக்குத் தெரியாது. முழங்கால் போனது. இடுப்பு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

அமலோற்பவம் அவருடைய செருப்பைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். "கீழ பழைய ஓடு கெடக்கும். கால இழுத்து வைக்காதிய, தூக்கி வைங்க."

அவர் இறங்கினார்.

தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அது அவருக்கு எதிர்பாராதது. அடியில் மணல் மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தரை இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று தெரிந்து, அடுத்த அடிக்கு மறுபடியும் அதே சந்தேகம். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது மிதக்குற சட்டை அவரைத் தாடையோடு சேர்த்து மேலே தூக்கியது. கால் தரையை விட்டுவிட்டது. அவர் ஒரு கம்பைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து செண்பகம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாள்.

"ஏன்பா வந்திய?"

"கை..."

"கைக்கு ஒண்ணுமில்ல."

"பையில மருந்து கொண்டாந்திருக்கேன்."

"கரையில இருக்கட்டும். வந்ததுதான் வந்திய, இந்தக் கயித்தப் பிடிங்க."

பிடித்தார். கயிறு கனத்தது. அதில் கொத்துக் கொத்தாகச் சிப்பிகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி வளர்ந்திருந்தன. செண்பகம் மேல்முடிச்சை அவிழ்க்க, அவர் தாங்கிக்கொள்ள, பக்கத்திலிருந்த தெர்மாகோல் தெப்பத்தில் இருவரும் சேர்த்துக் கிடத்தினார்கள். அடுத்தது. அதற்கடுத்தது. தெப்பம் நிறைந்ததும் பெண்கள் அதைக் கடல்வாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே சங்கரவடிவு நின்று, வாங்கி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பேச நேரமில்லை.

இடையிடையே செண்பகம் விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன?"

"உப்பு இருக்கான்னு பாக்கேன்."

"இருக்கா?"

"இப்ப இருக்கு."

அவர் மேற்கே பார்த்தார். ஆறு வளைகிற இடத்தில், தண்ணீரின் நிறம் செம்மண் கரைத்தது போல மாறத் தொடங்கியிருந்தது.

*

கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒரு கயிறு வரவில்லை. அடியில் எதிலோ சிக்கியிருந்தது.

"பிடிச்சிக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு செண்பகம் உள்ளே போனாள்.

அவர் பிடித்துக்கொண்டார். கயிறு கையில் அதிர்ந்தது. கீழே அவள் இழுக்கிறாள். அதிர்ந்தது. நின்றது. தண்ணீரில் குமிழிகள் வந்தன. பிறகு குமிழியும் இல்லை.

கத்துவதற்கு வாய் திறந்தது. அவள் கையில் சுற்றியிருந்த துணி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் போலக் கஷ்டமான காரியம் ஒன்றை அவர் தன் ஆயுளில் செய்ததில்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கிய நாளில்கூடக் கையில் ஸ்டியரிங் இருந்தது.

கயிறு திடீரென்று லேசானது.

செண்பகம் மேலே வந்தாள். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உதடு நடுங்கியது.

"குளிருதாளா?"

"இல்லப்பா."

"பெறகு?"

அவள் ஈர முடியை ஒதுக்கினாள். கை தெரிந்தது. துணி சுற்றிய கை இல்லை, மற்றக் கை. உள்ளங்கையிலும் விரல்களிலும் கோடு கோடாகத் தழும்புகள். பழையவை, புதியவை, ஒன்றின் மேல் ஒன்று.

"இது எப்ப வந்துச்சு?"

"எப்பமும் வாரதுதான்."

"பொங்கலுக்கு வந்தப்ப நான் பாக்கலியே."

"மருதாணி வச்சிட்டுல்லா வந்தேன்."

அவருக்கு ஞாபகம் வந்தது. கை நிறைய மருதாணியோடு அவள் சோறு போட்டதும், என்னளா விசேஷம் என்று அவர் கேட்டதும், சும்மாதான் என்று அவள் சொன்னதும்.

"ஏன் மறைச்ச?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டிய."

"இப்ப ஏன் நடுங்குத? அதைச் சொல்லு."

"பயம்," என்றாள் செண்பகம்.

தன் காதில் விழுந்தது சரிதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"உனக்கா?"

"எனக்கு இருக்கக் கூடாதா? தெனமும்தான். மொதமொதல்ல எறங்கினப்ப கரையில போயி வாந்தி எடுத்தேன். இன்னும் ஒவ்வொரு தடவை முங்கும்போதும் வயித்தைப் பிசையும். அமலோற்பவம் அக்காளுக்குத் தெரியும். எங்கூட நிக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. போன்கூட எடுக்க மாட்டுக்க. தண்ணிக்குள்ள இருந்திருப்பன்னு நெனச்சு..."

"எல்லா நேரமும் தண்ணிக்குள்ளயா இருப்பேன்?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"சில நேரம் போன் கையிலதான் இருக்கும்பா. உங்க பேரு வரும். பாத்துக்கிட்டே இருப்பேன். எடுத்தா உங்க பயத்துக்குப் பதில் சொல்லணும். சொல்லிச் சொல்லி உங்கள அமத்தணும். அமத்திட்டு வச்சிட்டா, எம்பயத்தை நான் எங்கிட்டுப் போயி எறக்குவேன்?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"செண்பகம்!" தெப்பத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "கலங்கல் வந்துட்டு!"

அவள் விரலை நாக்கில் வைத்தாள். முகம் மாறியது.

"தூக்குங்கப்பா. சீக்கிரம்."

*

கலங்கல் தண்ணீர் கம்புகளுக்கிடையே புகுந்தபோது, கடைசி வரிசை மிச்சமிருந்தது. செண்பகம் அதை நோக்கிப் போகப் பார்த்தாள். அமலோற்பவம் கரையிலிருந்து கையை உயர்த்தி, வேண்டாம் என்று ஆட்டினாள். ஆற்று வேகம் கூடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள்.

வெயில் சாய்ந்திருந்தது. பெண்கள் கொட்டகைப் பக்கம் போய் முடியைத் துவட்டினார்கள். அமலோற்பவம் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். கடல்வாய்ப் பக்கம் கொண்டுபோனவை பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். விட்டுவிட்டு வந்த வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

செண்பகம் காப்பியை வாங்கவில்லை. தண்ணீர் ஓரத்தில் மணலில் போய் உட்கார்ந்து, அந்தக் கம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் தள்ளி நின்றார். போதும்ளா, இதெல்லாம் நமக்கு வேண்டாம், வீட்டுக்கு வா. இவ்வளவும் அவர் வாயில் தயாராக இருந்தது. மருந்துக் குப்பியும் கையில் இருந்தது.

சங்கரவடிவு சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். குடையை எடுத்தாள்.

"கெளம்பிட்டியளாம்மா?"

"பஸ் வந்துரும்."

அவரும் செருப்புக் கட்டை அவிழ்க்கக் குனிந்தார்.

"நான் ஒண்ணு கேட்டு வந்தேன்மா. நீங்க ஒண்ணுமே சொல்லல. பயம் போகலம்மா. நேத்தைவிட இன்னைக்குக் கூடத்தான் இருக்கு."

"யாரோடது?"

"என்னதும்மா?"

"பயம். யாரோடது, அண்ணாச்சி?"

என்னோடதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். கண் மகள் பக்கம் போனது.

நிமிர்ந்தபோது சங்கரவடிவு மணல்மேட்டின் மேல் குடையோடு போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவர் கூப்பிடவில்லை.

மகளிடம் போனார். மெல்ல, சத்தமில்லாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்தவள் போல, செண்பகம் தோள்களை இறுக்கிக்கொண்டாள்.

அவர் மருந்துக் குப்பியை மணலில் வைத்தார்.

"செண்பகம்."

"ம்."

"உனக்கு எதை நெனச்சு ரொம்பப் பயம்?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கண் நிறைந்து நின்றது.

"கேட்டா நீங்க தாங்க மாட்டியப்பா."

"தாங்க மாட்டேன்தான்," என்றார் ஆவுடையப்பன். "நீ சொல்லு."